எக்செல்லிலிருந்து ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளுக்குக் கொண்டுவந்தால் பாதித் தேதிகளைக் காணவில்லை. உதவி தேவை

பொங்கோல் மலர்

எல்லாருக்கும் வணக்கம். மூத்தோர் உடற்பயிற்சி வகுப்பு ஒன்றின் தரவு கைக்கு வந்திருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் ஜூன் 28 வரை, செவ்வாயும் வெள்ளியும் காலையில் வகுப்பு. வருகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து எக்செல்லில் ஏற்றியிருக்கிறார்கள். மூன்று தொண்டூழியர்கள், ஆளுக்கொரு மடிக்கணினி. கடைசியில் மூன்று கோப்பையும் ஒன்றாக ஒட்டி எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆரில், எக்செல் கோப்பைப் படிக்கும் ரீட்எக்செல் தொகுப்பை வைத்துத் திறந்தால் தேதிப் பத்தி முழுக்க எழுத்தாக வருகிறது. சில வரிகளில் "45416" மாதிரி ஐந்து இலக்க எண், சில வரிகளில் "16/4/2024". எண்களை 1899 டிசம்பர் 30-ஐத் தொடக்கமாக வைத்துத் தேதியாக்கிவிட்டேன், அது ஒழுங்காக வருகிறது. எழுத்தாக இருப்பவைதான் எல்லாம் என்ஏ (மதிப்பு இல்லை) ஆகிவிட்டன. இந்த என்ஏக்களை மட்டும் எப்படிச் சரிசெய்வது?

இன்னொன்று, இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா தெரியவில்லை: சிலருக்கு முதல் அளவீட்டுக்கும் கடைசி அளவீட்டுக்கும் உள்ள இடைவெளி கழித்தல் குறியோடு வருகிறது.

ஜூரோங் வாசன்

பைத்தானின் பாண்டாஸ் தொகுப்புக்கு மாறுங்க, நாள் முதலில் வரும் என்று டேஃபர்ஸ்ட் போட்டுவிட்டால் முடிந்தது. ஆரில் இதெல்லாம் எப்போதும் தலைவலிதான்.

பழைய சாஸ்காரன்

வாசன் தம்பி, டேஃபர்ஸ்ட் எழுத்தாக இருக்கும் தேதியைத்தான் தொடும். 45416 என்று எண்ணாகிவிட்டதை அது என்ன செய்யும்? எழுத்திலும்கூட அது கண்டிப்பான கட்டளை கிடையாது, ஒரு விருப்பம் மாதிரிதான் என்று பாண்டாஸ் ஆவணமே சொல்கிறது. வேண்டுமானால் வடிவத்தை முழுசாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

மலர், நீங்கள் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். என்ஏ ஆன வரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆரின் லூப்ரிடேட் தொகுப்பில், நாள்-மாதம்-ஆண்டு என்று படிக்கும் டிஎம்ஒய் போட்டால் ஒரே வரியில் சரியாகிவிடும். "ஒழுங்காக வருகிறது" என்று சொன்னீர்களே, அந்த எண் வரிகளில்தான் ஆபத்து.

ஒரே பத்தியில் பாதி எண், பாதி எழுத்து என்று வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏன் அப்படி ஆகிறது தெரியுமா? மடிக்கணினி வாங்கியபோது வட்டார அமைப்பு அமெரிக்கா என்றே இருந்திருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அதில் நம் ஆள் நம் வழக்கப்படி 16/4/2024 என்று தட்டுகிறார். பதினாறாவது மாதம் என்று ஒன்று இல்லை, அதனால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் எழுத்தாகவே விட்டுவிடுகிறது. அறையில் (செல்) இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்து 5/4/2024 என்று தட்டுகிறார். ஐந்தாவது மாதம் உண்டு, நான்காம் நாள் உண்டு. மே 4 என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டு 45416 என்று சேமித்துவிடுகிறது. ஏப்ரல் 5 என்றால் 45387 இருந்திருக்க வேண்டும். திரையில் பார்த்தாலோ 5/4/2024 என்றுதான் தெரியும், ஏனென்றால் காட்டுவதும் அமெரிக்க வழக்கப்படிதான். தட்டியவருக்குச் சந்தேகமே வராது.

ஆக, எழுத்தாக நிற்பவை பிழைத்த வரிகள். எண்ணாகப் போனவை நாளும் மாதமும் இடம் மாறிய வரிகள். உங்கள் கழித்தல் இடைவெளியும் இதனால்தான் என்று நினைக்கிறேன். ஏப்ரல் 5-ல் பார்த்தது மே 4 ஆகிவிட்டால், ஏப்ரல் 16-ல் பார்த்தது அதற்கு முன்னால் வந்துவிடுமே.

பொங்கோல் மலர்

ஐயோ. நான் குறிப்பிட்ட 45416 அப்படியே மே 4 தான். 2024 மே 4 சனிக்கிழமை. சனிக்கிழமை வகுப்பே கிடையாது!

அப்படியென்றால் எண்ணாக இருக்கும் எல்லாவற்றிலும் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிவிட்டால் போதுமா அண்ணே?

ஜூரோங் வாசன்

போதுமே. ஒரு வரி நிரல்.

சிராங்கூன் செல்வி

அவசரப்படாதீங்க மலர். மூன்று மடிக்கணினி என்கிறீர்கள். மூன்றுமே அமெரிக்க அமைப்பில் இருந்ததா? ஒன்று சிங்கப்பூர் அமைப்பில் இருந்திருந்தால் அதில் எல்லாத் தேதியும் ஒழுங்கான எண்ணாகவே போயிருக்கும். அதையும் சேர்த்து மாற்றினால் நல்லதைக் கெடுத்துவிடுவீர்கள். அதோடு 19-ஆம் தேதி எண்ணாக இருந்தால் அதை எந்த மாதத்துக்கு மாற்றுவீர்கள்?

முதலில் ஒட்டியதைப் பிரியுங்கள். யார் ஏற்றியது என்று பத்தி இருக்கிறதா? இல்லையென்றால் மூலக் கோப்புகளைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒவ்வொரு கோப்பிலும் எண்ணாக வந்த தேதிகளை மட்டும் எடுத்து, அதில் நாள் எது என்று ஒரு அட்டவணை போடுங்கள். உங்கள் வகுப்பு மார்ச் முதல் ஜூன் வரை, அதாவது மாதம் 3, 4, 5, 6. இடம் மாறிய கோப்பில் மாதம்தான் நாளாகியிருக்கும். அதனால் நாள் என்ற இடத்தில் 3, 4, 5, 6 தவிர வேறெதுவும் இருக்காது. மாதம் என்ற இடத்தில் 1 முதல் 12 வரை சிதறிக் கிடக்கும், டிசம்பர்கூட வரும். சரியான கோப்பில் நாள் 1 முதல் 31 வரை பரவி, மாதம் நான்குக்குள் அடங்கும். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பழைய சாஸ்காரன்

செல்வி சொன்னது நல்ல சோதனை. மலர், கிழமையையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளி தவிர வேறு கிழமையில் விழுந்தால் அந்த வரி மாறியிருக்கிறது. மாற்றிய பிறகு செவ்வாயிலோ வெள்ளியிலோ வந்து உட்கார வேண்டும்.

எண்ணன்

கிழமைச் சோதனையை முழுசாக நம்ப வேண்டாம். எந்த ஆண்டை எடுத்தாலும் 5/9-ம் 9/5-ம் ஒரே கிழமையில்தான் வரும். 7/11-ம் 11/7-ம் அப்படியே. அந்த ஜோடிகளுக்குக் கிழமை பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. 4/4, 6/6 போன்றவை மாறினாலும் மாறாவிட்டாலும் ஒன்றுதான், கவலையில்லை.

மலரின் தரவுக்கு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மாதம் 3 முதல் 6 வரை, செவ்வாய் அல்லது வெள்ளி, இடம் மாறிய பிறகும் அதே எல்லைக்குள் அதே கிழமைகளில் விழ வேண்டும் என்றால் ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சுகிறது. மார்ச் 5 செவ்வாய், மே 3 வெள்ளி. ஒன்றை மாற்றினால் மற்றது. மீதி எல்லாம் கிழமையிலோ மாத எல்லையிலோ மாட்டிக்கொள்கிறது. அந்த இரண்டு நாளுக்கு மட்டும் தாள் வருகைப்பதிவு இருந்தால் பாருங்கள்.

பொங்கோல் மலர்

எண்ணன், ஒரு ஜோடிதானா! கையெழுத்துத் தாள்கள் நிலையத்தில் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கிறேன். மூலக் கோப்புகளும் கேட்டிருக்கிறேன்.

அதற்குள் அடுத்த சந்தேகம். நேரப் பத்தி ஒன்று இருக்கிறது. சிலவற்றில் 1899-12-31 08:30:00 என்று வருகிறது. 1899 எங்கிருந்து வந்தது? இன்னும் சிலவற்றில் வெறும் 8.3.

பழைய சாஸ்காரன்

எக்செல்லுக்கு நாள் என்பது முழு எண், நேரம் என்பது அதன் பின்னம். நண்பகல் 0.5, மாலை 6 மணி 0.75. தேதி இல்லாமல் நேரம் மட்டும் தட்டினால் முழு எண் பகுதி பூஜ்யம். 1900 ஜனவரி 1-க்கு எண் 1. ஆகவே பூஜ்யத்தை ரீட்எக்செல் அதற்கு முந்தைய நாளாகக் காட்டுகிறது. தேதிப் பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரத்தை மட்டும் எடுங்கள்.

8.3 வேறு கதை. நாம் எட்டரை மணியை 8.30 என்று புள்ளி வைத்துத்தானே எழுதுவோம். எக்செல்லுக்கு அது நேரமில்லை, தசம எண். கடைசிப் பூஜ்யத்தை உதிர்த்துவிட்டு 8.3 என்று வைத்துக்கொள்ளும். அதைத் தேதி-நேரமாக மாற்றினால் 1900 ஜனவரி 8, காலை 7.12 என்று வந்து நிற்கும். மணியாக எண்ணி 24-ஆல் வகுத்தால் 8 மணி 18 நிமிடம். இரண்டும் அபத்தம். முழு எண்ணை மணியாகவும், தசமத்தை நூறால் பெருக்கி நிமிடமாகவும் எடுங்கள். பெருக்கியபின் அருகிலுள்ள முழு எண்ணாக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் 29.9999 நிமிடம் என்று வரும். அப்படி எடுத்ததில் நிமிடம் 59-ஐத் தாண்டினால் அந்த வரியை யாரோ வேறு அர்த்தத்தில் எழுதியிருக்கிறார்கள்.

உட்லண்ட்ஸ் குமரன்

நேரம் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் வேலையிடத்தில் வாராந்தர மிகைநேரம் 26:30 என்று கூட்டி வைத்திருக்கிறார்கள். ஆருக்கு வந்ததும் 1900 ஜனவரி 1, 02:30 ஆகிவிடுகிறது. 24 மணி நேரம் எங்கே போனது?

சிராங்கூன் செல்வி

எங்கும் போகவில்லை அண்ணே, அந்த "ஜனவரி 1"-க்குள் இருக்கிறது. அறையில் இருப்பது ஒன்று புள்ளி ஒன்று சொச்சம். அந்தப் பத்தியை எண்ணாகவே கொண்டுவாருங்கள், பத்தி வகையில் நியூமரிக் என்று சொல்லிவிட்டு 24-ஆல் பெருக்கினால் 26.5 மணி. கால அளவைத் தேதியாக்கவே கூடாது. இரவு வேலை நள்ளிரவைத் தாண்டினால் முடிந்த நேரத்தில் தொடங்கிய நேரத்தைக் கழிக்கும்போது கழித்தல் வரும், அதற்கு ஒரு நாள் கூட்ட வேண்டும். அது தனி.

ஏடு தேடி

நான் புள்ளியியல்காரன் இல்லை. பழைய சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களுக்கு எக்செல்லில் அட்டவணை போடுகிறேன். சிங்கை நேசன் 1887-ல் தொடங்கியது. அந்தத் தேதிகளை எக்செல் தேதியாகவே ஏற்க மறுக்கிறது. 1935-ல் தொடங்கிய தமிழ் முரசுக்குப் பிரச்சினையே இல்லை. ஒரே பத்தியில் இரண்டும் இருப்பதால் மலருக்கு வந்த மாதிரியே எண்ணும் எழுத்துமாக வருகிறது.

பழைய சாஸ்காரன்

ஐயா, எக்செல்லின் காலம் 1900 ஜனவரி 1-ல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தையது எல்லாம் வெறும் எழுத்து. அதிலும் ஒரு வேடிக்கை: 1900 நெட்டாண்டு இல்லை, ஆனால் எக்செல்லில் 1900 பிப்ரவரி 29 உண்டு, எண் 60. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் செய்த தப்பு, அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்கள். நாம் தொடக்கத்தை டிசம்பர் 31 என்று வைக்காமல் 1899 டிசம்பர் 30 என்று வைப்பது இந்த இல்லாத நாளால்தான். 1900 மார்ச் 1-க்குப் பிறகு எல்லாம் சரி, அந்த ஆண்டின் முதல் இரண்டு மாதம் ஒரு நாள் பிசகும்.

உங்களுக்குச் சுலபமான வழி, ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் மூன்று பத்தியில் வெறும் எண்ணாக வைப்பது. ஆருக்கு 1887 ஒரு பொருட்டே இல்லை, அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் 1582 அக்டோபர் 14-லிருந்து வினாடி எண்ணுகிறது, அதற்கும் கவலையில்லை. அதில் 2024 ஏப்ரல் 5-ன் எண் 13,931,654,400, பார்த்துப் பயப்படாதீர்கள்.

எண்ணன்

தொடக்க நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. சாஸ், ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டுக்கும் 1960 ஜனவரி 1, ஆர் 1970 ஜனவரி 1. எக்செல் எண்ணில் 21916 கழித்தால் முதல் இரண்டுக்கும், 25569 கழித்தால் ஆருக்கும் ஆகும். பழைய மேக் எக்செல் கோப்பு என்றால் 1904-ல் தொடங்கும் கணக்கு வேறு இருக்கும், 1462 நாள் வித்தியாசம். மலரின் ஏப்ரல் 5, 2024 அதில் 43925. கவனிக்காமல் திறந்தால் 2020 ஏப்ரல் 4 ஆகிவிடும். தரவு முழுக்க நான்கு வருடம் ஒரு நாள் பின்னால் போயிருந்தால் காரணம் அதுதான்.

ஸ்டேட்டாகாரர்களுக்கு ஒன்று. அதில் தேதி-நேரம் மில்லிவினாடியில். துல்லியம் கூடிய டபிள் வகை என்று சொல்லாமல் துல்லியம் குறைந்த ஃப்ளோட்டில் வைத்தால் இன்றைய தேதிகளுக்கு அடுத்தடுத்த மதிப்புகளின் இடைவெளியே 131 வினாடி. 8.30-க்குப் பதிவானது 8.29 ஆகவோ 8.31 ஆகவோ தெரிந்தால் கடிகாரத்தைத் திட்ட வேண்டாம்.

உட்லண்ட்ஸ் குமரன்

நேர மண்டலம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

சிராங்கூன் செல்வி

சொல்ல வேண்டியதுதான். ரீட்எக்செல் எல்லாத் தேதி-நேரத்தையும் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று முத்திரை குத்தித் தரும். எக்செல்லில் மண்டலம் என்ற தகவலே கிடையாது, ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும், அதனால். இதை "சிங்கப்பூருக்கு மாற்றுகிறேன்" என்று எட்டு மணி நேரம் கூட்டிவிடுகிறார்கள் சிலர். காலை 8.30 வகுப்பு மாலை 4.30 ஆகிவிடும். லூப்ரிடேட்டில் இதற்கு இரண்டு கருவி இருக்கின்றன. வித்-டிஜட் கடிகாரத்தை நகர்த்தும். ஃபோர்ஸ்-டிஜட் கடிகாரத்தைத் தொடாமல் முத்திரையை மட்டும் மாற்றும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

எதிர்ப்பக்க விபத்தும் உண்டு. சிங்கப்பூர் முத்திரையுள்ள ஏப்ரல் 1 நள்ளிரவை யுடிசியில் தேதியாக வெட்டினால் மார்ச் 31. மாதக் கணக்கு போடுகிறவர்களுக்கு இது பெரிய அடி, ஒன்றாம் தேதியெல்லாம் முந்தைய மாதத்தில் போய் உட்காரும். தேதியாக மாற்றும்போது மண்டலத்தையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

எண்ணன்

ஏடு தேடி ஐயா போன்றவர்களுக்கு: சிங்கப்பூர் எப்போதும் யுடிசி+8 இல்லை. போருக்குப் பிறகு +7.30. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்கு நேராக 12 ஆக்கிவிட்டார்கள், மலேசியாவோடு ஒத்துப்போக. அன்றிரவு 11.45 என்று ஒரு நேரமே சிங்கப்பூரில் இருந்ததில்லை. ஜப்பானியர் காலத்தில் டோக்கியோ நேரம், +9. கணினியில் ஏசியா/சிங்கப்பூர் என்று கொடுத்தால் இதெல்லாம் உள்ளே இருக்கிறது. வெறுமனே எட்டு மணி நேரம் என்று கையால் கூட்டினால் எழுபதுகளின் தரவு அரைமணி தவறும். இங்கே பிறந்த அப்பா அம்மாவுக்கு ஜாதகம் கணிக்கிறவர்களும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பொங்கோல் மலர்

மூலக் கோப்புகள் வந்துவிட்டன! செல்வி அக்கா சொன்ன அட்டவணை போட்டேன். முதல் கோப்பிலும் மூன்றாவது கோப்பிலும் எழுத்தே இல்லை, எல்லாம் எண், நாட்கள் 1 முதல் 31 வரை பரவி இருக்கின்றன. இரண்டாவதில் எழுத்து வரிகள் அத்தனையும் இருக்கின்றன, எண் வரிகளில் நாள் 3, 4, 5, 6. ஆனால் நடுவில் ஒரு ஏப்ரல் 19 எண்ணாகவே இருக்கிறது. அது வெள்ளிக்கிழமை, சரியான வகுப்பு நாள். எப்படி?

சிராங்கூன் செல்வி

தட்டியிருக்க மாட்டார், வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருப்பார். ஒட்டினால் உள்ளே இருக்கும் எண் அப்படியே வரும், வட்டார அமைப்பு அதைத் தொடாது. அப்படியென்றால் இரண்டாவது கோப்பையும் மொத்தமாக மாற்ற முடியாது. வரி வரியாக, இருக்கிறபடி மார்ச் முதல் ஜூனுக்குள் செவ்வாய் வெள்ளியில் விழுந்தால் விடுங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். மார்ச் 5, மே 3 மட்டும் தாளைப் பார்த்து. மாற்றிய வரிகளுக்குத் தனிப் பத்தியில் ஒரு குறி போட்டு வையுங்கள், மூல எண்ணையும் அழிக்க வேண்டாம்.

பிறந்த தேதி பத்தி இருக்கிறதா? அதையும் பார்த்துவிடுங்கள்.

பொங்கோல் மலர்

இருக்கிறது. 12/8/47 மாதிரி எழுத்தாக. டிஎம்ஒய் போட்டால் 2047 என்கிறது. இன்னும் பிறக்கவே இல்லை அவர்!

பழைய சாஸ்காரன்

முன்னோடித் தலைமுறைத் தரவில் எனக்குப் பழகிப்போன கூத்து இது. 1949 முடிவதற்குள் பிறந்தவர்கள் அவர்கள், ஆர் இரண்டு இலக்க ஆண்டில் 00 முதல் 68 வரை 2000 என்றும், 69 முதல் 1900 என்றும் எடுக்கும். மெர்டேக்கா தலைமுறையும், 1950 முதல் 59 வரை, அதே வலையில். எக்செல் வழக்கமாக 30-ல் வெட்டும், அதையும் விண்டோஸில் மாற்ற முடியும், ஆக இரண்டும் இரண்டு விதமாகச் சொல்லும். வகுப்பில் சேர வயது வரம்பு உண்டுதானே? அதற்குக் கீழே வயது வந்தால் நூறு வருடம் கழியுங்கள். எதிர்காலத் தேதிக்கு மட்டும் கழித்தால் 1923-ல் பிறந்த பாட்டி ஒரு வயதுக் குழந்தையாக உள்ளே இருப்பார்.

ஜூரோங் வாசன்

அடையாள அட்டை எண் எஸ்-ல் தொடங்கினால் 1900கள், டி என்றால் 2000-க்குப் பிறகு. அதை வைத்துப் பார்க்கலாமே?

சிராங்கூன் செல்வி

அந்த எண் இந்தக் கோப்பில் இருக்கவே கூடாது வாசன். 2019 செப்டம்பர் 1 முதல் அமைப்புகள் சட்டத் தேவையோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய அவசியமோ இல்லாமல் அதை வாங்கி வைக்க முடியாது. மலர், இருந்தால் முதலில் அனுப்பியவரிடம் சொல்லுங்கள்.

பொங்கோல் மலர்

நல்லவேளை, இல்லை. வீட்டு எண் பத்தி இருக்கிறது, அதில்தான் "டிசம்பர் 3" என்று ஒருவர் குடியிருக்கிறார்.

எண்ணன்

03-12. மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் வீடு. முன்னால் இருக்கும் # குறியை விட்டுவிட்டார்கள், எக்செல் தேதியாக்கிவிட்டது. எந்த மடிக்கணினி என்று பார்த்தே திருப்புங்கள்: முதல் கோப்பில் டிசம்பர் 3 என்றால் 03-12, இரண்டாவது கோப்பில் டிசம்பர் 3 என்றால் 12-03. செப்ட் 2, மார்ச் 1 போன்ற மரபணுப் பெயர்கள் இப்படியே தேதியாகி, 2020-ல் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. 2023-லிருந்து எக்செல்லில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் அமைப்பு வந்திருக்கிறது.

பொங்கோல் மலர்

தாள்கள் கிடைத்தன. இரண்டாவது கோப்பில் மே 3 என்று இருந்தவர்களில் ஒருவர் தவிர மற்ற எல்லாருடைய கையெழுத்தும் மார்ச் 5 தாளில் இருக்கிறது. மாற்றிவிட்டேன். இப்போது கழித்தல் இடைவெளி ஒன்றும் இல்லை. அந்த ஒருவர் இரண்டு நாளும் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆனால் அளவீடு ஒன்றுதான் இருக்கிறது. அவரை என்ன செய்வது?

பழைய சாஸ்காரன்

தேதியை என்ஏ என்று வைத்துவிட்டுக் குறிப்பில் காரணம் எழுதுங்கள். அடுத்த சுற்றுக்குத் தேதியை மூன்று பத்தியாகப் பிரித்து ஒரு வார்ப்புரு செய்து கொடுத்துவிடுங்கள்.

ஏடு தேடி

அந்த வார்ப்புருவை இங்கேயும் போடுங்கள் அம்மா. ஆண்டுக்கு நான்கு இலக்கம் கட்டாயம் என்று வையுங்கள்.